காப்பர் ஃபோர்க்கில் மான்கள் அற்றுப்போன வரலாறு

காப்பர் ஃபோர்க் மாவட்டத்தில் நவம்பர் பதினைந்தாம் தேதி அரசாங்கம் நடப்பதில்லை. அலுவலகம் திறந்திருக்கும், விளக்கு எரியும், கம்பத்தில் கொடி பறக்கும். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கமும் ஆள் இராது, அந்தப் பக்கமும் ஆள் இராது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பல் டாக்டர் தன் கதவில், 'வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், பதினெட்டாம் தேதி வருகிறேன்' என்று அட்டை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நீதிபதியும் அவர் முன்னால் நிற்கவேண்டிய குற்றவாளியும் ஒரே காட்டில், அரை மைல் தள்ளித் தள்ளி, ஒருவரையொருவர் மான் என்று சுட்டுவிடாதபடி ஆரஞ்சு நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு மானுக்காகக் காத்திருப்பார்கள். மான் வேட்டை தொடங்கும் நாள் அது. நூறு வருஷமாக இப்படித்தான் நடந்துவந்தது. இதற்கு யாரும் ஆணை பிறப்பித்ததில்லை. ஆணை இல்லாமலே ஒரு காரியம் நூறு வருஷம் ஒழுங்காக நடந்துவிட்டது என்பதுதான் பின்னால் வந்த வில்லங்கத்துக்கெல்லாம் மூலகாரணம்.

வெர்னா ஹௌட்டலா அந்த மாவட்டத்தின் வனவிலங்கு அலுவலகத்தில் வேட்டை லைசென்ஸ் எழுதிக்கொடுக்கும் குமாஸ்தா. இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். ஓய்வுபெற இன்னும் பதினோரு மாதம். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் எழுதிக்கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டு, பதினைந்தாம் தேதி தவறாமல் காட்டுக்குப் போய்விடுவாள். குறி தப்பாது. பேச்சும் அதிகம் கிடையாது. அவள் புருஷன் முழங்கால் வலி தாங்காமல் வெயில் அடிக்கும் தென்கோடிக்குப் போனவர். முழங்கால் சரியானதும் வருகிறேன் என்று சொல்லி எட்டு வருஷம் ஆகிறது. வெர்னா அந்த முழங்காலைப் பற்றி யாரிடமும் விசாரித்ததில்லை. அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது மகளை மட்டும்தான்.

மகள் கைசா ஒன்பது மணி நேரம் காரில் போகவேண்டிய தூரத்தில், பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவோடு காட்டில், மான் கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கும் மறைப்புக் குடிலில் உட்கார்ந்து பழகியவள். வேலைக்குப் போனபிறகு ஆறு வருஷமாக அந்தத் தேதியில் லீவு கிடைக்கவில்லை. செப்டம்பர் மாதம் ஒருநாள் போன் வந்தது.

"அம்மா, பதினஞ்சாம் தேதி லீவு குடுத்துட்டாங்க."

"எந்த மாசம்?"

"உனக்கு எந்த மாசம் பதினஞ்சாம் தேதி தெரியும்? நவம்பர்தான்!"

"இரு, நாற்காலிய இழுத்துப் போட்டுக்கறேன்."

"ஒரே ஒரு நாள்தாம்மா. பதினாலு சாயங்காலம் வருவேன். பதினாறு காலைல கிளம்பிடணும். நடுவுல முழுசா ஒரு நாள். நீயும் நானும் குடில்ல உக்காந்து நீ கறி அடைச்சுச் சுடுவியே அந்த பாஸ்டியத் தின்னுக்கிட்டு, வாயே திறக்காம."

"அதான் வேணும்" என்றாள் வெர்னா. போனை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதாள். அன்று சாயங்காலமே காட்டுக்குப் போய், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்றுகூட யோசிக்காமல், குடிலுக்குள் இருந்த பெஞ்சைத் துடைத்துவிட்டு வந்தாள்.

அதே வாரத்தில் தலைநகரத்தில் ஒரு புள்ளிவிவரம் வெளியாயிற்று. மாநிலத்தில் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் குறைகிறதாம். கிழவர்கள் போய்ச் சேர்கிறார்கள், இளையவர்கள் வந்து சேர்வதில்லை. லைசென்ஸ் விற்பனையில்தான் துறையே நடக்கிறது என்பதால் துறைக்குப் பாரம்பரியத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது:

'பொருள்: வேட்டைப் பாரம்பரியத்தை இளைய தலைமுறைக்குக் கைமாற்றுதல் தொடர்பாக. மேற்படிப் பாரம்பரியம் இதுநாள்வரை உரிய அனுமதியோ பதிவோ இன்றிக் குடும்பங்களுக்குள் தன்னிச்சையாகக் கைமாற்றப்பட்டு வந்துள்ளமை துறையின் கவனத்துக்கு வந்துள்ளது. இனி இக்கைமாற்றம் துறையின் நேரடி மேற்பார்வையில் மட்டுமே நடைபெறும் என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

சுற்றறிக்கையின் பின்னாலேயே ஒரு ஆளும் வந்தார். பெயர் ப்ரைஸ் கெல்லர்மன். பதவி, பங்கேற்பு மேம்பாட்டுச் சிறப்பு ஆலோசகர். முப்பது வயதிருக்கும். தாடிக்கு வாசனை எண்ணெய் தடவியிருந்தார். மரம் வெட்டுகிறவர்கள் போடும் பூட்ஸ், அதில் மண் மட்டும் இல்லை. கட்டம் போட்ட கம்பளிச் சட்டை ஒன்று போட்டிருந்தார். அதன் பின்பக்க வால் சதுரமாக வெட்டப்பட்டிருந்தது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டுக் குறி தப்பியவனை வேட்டைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, எல்லோருமாகச் சேர்ந்து சிரித்து, அவன் சட்டையின் வாலைக் கத்தியால் அறுத்துச் சுவரில் ஆணியடித்து விடுவார்கள். அந்த வெட்கம் ஒரு வருஷத்துக்கு அங்கேயே தொங்கும். நகரத்துக் கடைகளில் இப்போது வால் வெட்டிய சட்டையாகவே தைத்து விற்கிறார்கள் என்பது காப்பர் ஃபோர்க்காரர்களுக்குத் தெரியாது. அன்று கவுண்டரில் நின்றிருந்த ஆர்வோ கெஸ்கினென்னுக்கு எண்பத்து நான்கு வயது. அவர் புதியவரின் முதுகுப்பக்கம் போய் நின்று நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் தம்பி, எத்தனை மானைத் தப்ப விட்டீங்க?"

"நான் இன்னும் துப்பாக்கியே எடுத்ததில்லீங்க பெரியவரே. இது ஸ்டைலு."

"அடேங்கப்பா! எடுக்கறதுக்கு முன்னாடியே தப்பிருச்சா!"

மாவட்ட அதிகாரி டக்ளஸ் ட்ரெம்பாத் அவசரமாகச் சிரித்து, அவசரமாக நிறுத்திக்கொண்டார். ட்ரெம்பாத் கெட்டவர் இல்லை. கடைசியாகப் பேசியவர் சொல்வதே சரி என்பது அவருடைய கொள்கை, அவ்வளவுதான். வருஷாவருஷம் நவம்பர் பதினைந்தாம் தேதி பல் சிகிச்சைக்கென்று லீவு எழுதிக்கொடுப்பார். பல் டாக்டரின் வேட்டைக் கொட்டகையில்தான் சிகிச்சை நடக்கும்.

கெல்லர்மன் மூன்று நாள் உட்கார்ந்து அலுவலகத்தின் வருகைப் பதிவேடுகளைப் படித்தார். நான்காம் நாள் முகம் வெளுத்துப் போய் வந்தார்.

"பயங்கரமான விஷயம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். வருஷம் பூரா இந்த ஆபீசுக்கு ஆள் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஒரே ஒரு தேதியில மட்டும் அஞ்சு வருஷமா ஒருத்தர்கூட வரலை. நவம்பர் பதினஞ்சு! மக்கள் வேட்டையை விட்டு முழுசா விலகிப் போற நாள் அதுதான்."

வெர்னா பேனாவைக் கீழே வைத்தாள். "சார், அன்னிக்கு எல்லாரும் காட்டுல இருப்பாங்க."

"எதுக்கு?"

"வேட்டையாடத்தான்."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"ஆதாரம்னா... அதான் யாருமே ஆபீசுக்கு வரலியே."

"வராததை எப்படிம்மா ஆதாரமா எடுத்துக்க முடியும்? வந்தா கையெழுத்து இருக்கும். வராததுக்குக் கையெழுத்து எங்க இருக்கு?"

வருஷாவருஷம் வராதவர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது இருபத்தொன்பது வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அதனால," என்றார் கெல்லர்மன், "பாரம்பரியக் கைமாற்றுத் திருவிழாவை அன்னிக்கே வெச்சுடலாம். பள்ளிக்கூட உள்ளரங்கத்துல. வேட்டைக்காரங்க எல்லாரும் ஆளுக்கொரு புது ஆளைக் கூட்டிட்டு வரணும். வந்தா லைசென்ஸ்ல கைமாற்று முத்திரை. முத்திரை இல்லாத லைசென்ஸ் அன்னிக்கு விடியறப்பவே செல்லாம போயிடும்."

"பிரமாதம்!" என்றார் ட்ரெம்பாத். பிறகுதான் அவருக்குப் பல் ஞாபகம் வந்தது. அதற்குள் 'அலுவலர்கள் எவருக்கும் அன்று விடுப்பு இல்லை' என்று கெல்லர்மன் எழுதி முடித்திருந்தார்.

வெர்னா ட்ரெம்பாத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்தியது சர்வீசிலேயே அதுதான் முதல் தடவை.

"சார், என் மக வர்றா. ஆறு வருஷம் கழிச்சு, ஒரே ஒரு நாளைக்கு. என்னோட காட்டுக்கு வர்றதுக்காக."

"ரொம்ப சந்தோஷம்மா! அவளையும் திருவிழாவுக்குக் கூட்டிட்டு வந்துடு. அம்மாவும் மகளுமா வேட்டைக்குப் போறதை ஊக்கப்படுத்தத்தானே திருவிழாவே?"

"நாங்க வேட்டைக்குப் போகாம எப்படி சார் ஊக்கப்படுத்தறது?"

ட்ரெம்பாத் பல் இருக்கும் பக்கத்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அது மேலிடத்துக் கேள்வி வெர்னா. உனக்கு இன்னும் பதினோரு மாசம்தான இருக்கு? பென்ஷன் பேப்பரெல்லாம் மேல போயிருக்கிற நேரம். எதுக்கு வம்பு?"

ஆக, வெர்னா வம்புக்குப் போகவில்லை.

இதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. புது ஆட்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்ததும், வேட்டைக்காரருக்குரிய குறைந்தபட்ச வயதை மேலிடம் ரத்து செய்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழோடு லைசென்ஸையும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆர்வோ தன் கொள்ளுப்பேரன் ஓட்டோவுக்கு அக்டோபர் தொடக்கத்திலேயே ஒன்று எடுத்துவிட்டார். ஓட்டோவுக்கு அப்போது இரண்டரை மாதம், தலை நிற்கவில்லை.

அடுத்தது, தொடர்பு விட்டுப்போன பழைய வேட்டைக்காரர்களை மீட்டெடுக்கும் பிரிவு. பட்டியலில் நானூற்றுச் சொச்சம் பேர். வெர்னா பார்த்தாள், முக்கால்வாசிப் பேர் லூத்தரன் சர்ச்சுக் கல்லறையில் படுத்திருந்தார்கள். அவர்கள் ஏன் வேட்டைக்கு வருவதில்லை என்று படிவத்தில் காரணம் குறிக்கவேண்டும். கொடுத்திருந்த காரணங்கள் மூன்றே: நேரமின்மை, துணையின்மை, ஆர்வமின்மை.

"சார், இவங்க செத்துட்டாங்க" என்றாள்.

"மூணுல எது பொருந்துதோ அதைப் போடும்மா" என்றார் கெல்லர்மன்.

யோசித்துப் பார்த்து ஆர்வமின்மை என்று போட்டாள். உடனே நானூறு பேருக்கும் ஆர்வத்தைத் தூண்டும் கடிதங்கள் போயின. ஆர்வோவின் அண்ணன் யால்மரி இறந்து பத்தொன்பது வருஷம். அவர் பெயருக்கு, 'நீங்கள் இல்லாமல் காடு வெறிச்சோடியிருக்கிறது. ஒருமுறை எழுந்து வாருங்கள்!' என்று அழைப்பு வந்தது. ஆர்வோ அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"வெர்னாம்மா, அண்ணன் எழுந்து வந்தா துப்பாக்கி யாரு குடுப்பா? அது எங்கிட்ட இருக்கு. எனக்கும் அவனுக்கும் அதுலதான் பேச்சுவார்த்தையே நின்னுச்சு."

"பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க பெரியவரே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பெயர் நீக்கப் பதினான்கு படிவம். புதுப்பிக்க ஒரே கையெழுத்து. உறவினர்கள் எல்லோரும் புதுப்பித்துவிட்டார்கள். நவம்பர் பதினாலாம் தேதிக் கணக்குப்படி காப்பர் ஃபோர்க்கின் மக்கள்தொகையில் நூற்றுக்கு நூற்று மூன்று பேர் வேட்டைக்காரர்கள். இவ்வளவையும் வெர்னாதான் தன் கைப்பட, ஒரு எழுத்துப் பிசகாமல் பதிவு செய்தாள்.

பதினாலாம் தேதி சாயங்காலம் கைசா வந்து சேர்ந்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்பது மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கேம்மா."

"தெரியும்டி. காலைல எட்டு மணிக்கு வந்து முத்திரைய வாங்கிட்டு நீ போய்க் குடில்ல உக்காரு. எனக்கு எப்ப முடியுதோ அப்ப வந்துடறேன்."

இதே யோசனைதான் மாவட்டம் முழுவதற்கும். எட்டு மணிக்கு முத்திரை, ஒன்பதுக்குக் காடு என்று கணக்குப் போட்டு, காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட உள்ளரங்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர், ஆரஞ்சுக் கோட்டும் கைக்குழந்தையுமாக வந்து நின்றார்கள். முத்திரை ஒன்றே ஒன்று. இரண்டாவது முத்திரை செய்ய மேலிடத்துத் தீர்மானம் வேண்டுமாம். அந்த ஒரு முத்திரை வெர்னாவின் கையில் இருந்தது.

இந்த ஊர்க்காரர்கள் வடதேசத்து வம்சம். பனியில் விரல் உறைந்து விழுந்தாலும் சத்தம் போடமாட்டார்கள். டோக்கன் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், வரிசை என்றால் நிற்பார்கள். ஒருவராவது டோக்கனைக் கிழித்தெறிந்துவிட்டுக் காட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். யாரும் போகவில்லை. அந்த நேரத்தில் காட்டில் மனித வாடையே இல்லை. அன்று மான்கள் என்ன நினைத்தன என்பதற்குப் பதிவு ஏதும் கிடையாது.

கைசாவின் டோக்கன் அறுநூற்றுப் பதினொன்று. பத்து மணிக்கு அவள் மேஜையருகில் வந்து குனிந்தாள்.

"அம்மா, முத்திரை உன் கையிலதான இருக்கு?"

"அதனாலதான்டி முடியாது."

"ஒரு குத்து. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

கைசா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். திரும்பிப் போய் நின்றாள்.

மேடையில் கெல்லர்மன் வேட்டையின் மகத்துவத்தைப் பற்றிப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். முத்திரை வாங்கியவர்களையும் விழா முடியும்வரை வெளியே விடவில்லை. சுவரில் பாரம்பரியச் சட்டைவால் கண்காட்சி. ஆளுக்கொரு வால் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்பதால், வாழ்நாளில் குறி தப்பாதவர்களும் நல்ல சட்டையை அறுத்துக் கொடுத்திருந்தார்கள். வெர்னாவின் சட்டைவாலும் அங்கே தொங்கியது. அதைப் பார்க்கக்கூடாது என்று அவள் அன்று முழுக்கத் தலைகுனிந்தே முத்திரை குத்தினாள்.

மதியம் மூன்றரைக்கு அறுநூற்றுப் பதினொன்று வந்தது. கெல்லர்மன் மேடையிலிருந்து இறங்கி வந்து தாளைப் புரட்டினார்.

"கைசா ஹௌட்டலா. ஆறு வருஷமா லைசென்ஸ் எடுக்கலை. அப்போ நீங்க தொடர்பு விட்டவங்க. செயல்நிலையில் உள்ள வேட்டைக்காரர் ஒருத்தர் உங்களுக்கு வழிகாட்டியா இருக்கணும்."

"அதோ, என் அம்மா. முப்பத்தஞ்சு மான் சுட்டிருக்காங்க."

"அவங்க டூட்டில இருக்காங்க. சொந்த மகளுக்குச் சலுகை காட்டின மாதிரி ஆயிடும்."

"நான் இருக்கேன்!" என்றார் பின்னால் நின்ற ஆர்வோ.

"உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு புது ஆள் இருக்கார் பெரியவரே. ஓட்டோ. ஒருத்தருக்கு ஒருத்தர்தான்." அவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "ஆனா ஓட்டோ பேர்ல யாரும் இல்லியே! அக்டோபர்லேர்ந்து லைசென்ஸ் வெச்சிருக்கார். முறையா செயல்நிலையில இருக்கார்."

ஆர்வோவின் தோளில் ஓட்டோ தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாலு மாசக் குழந்தை எனக்கு வழிகாட்டியா?" என்றாள் கைசா.

"வயசு வரம்பைத்தான் ரத்து பண்ணியாச்சே! ஒரே நிபந்தனைதான், வழிகாட்டி எப்பவும் கைக்கெட்டும் தூரத்துல இருக்கணும்."

"யார் கைக்கு? என் கைக்கா, அவன் கைக்கா?"

கெல்லர்மன் விதியை எடுத்துப் பார்த்தார். "வழிகாட்டியின் கைக்கு."

ஓட்டோவின் கை ஒன்பது அங்குலம். எனவே கைசா அவனைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வழிகாட்டி பாதுகாப்பு விதிகளை வாய்மொழியாக எடுத்துரைக்கவேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அவன் விழிக்கும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். விழித்ததும் வீறிட்டு அழுதான். அது எடுத்துரைத்ததாகப் பதிவாயிற்று. அப்புறம் கட்டைவிரலில் மை தடவிக் கைரேகை வைப்பதற்குள் அவன் அந்த மையைக் கைசாவின் மூக்கிலும் கெல்லர்மனின் தாடியிலும் பூசிவிட்டான். வெர்னா முத்திரை குத்தியபோது மணி ஐந்தடிக்க ஐந்து நிமிஷம். சட்டப்படி சுடலாம் என்கிற வெளிச்சம் ஐந்தேகாலோடு முடிகிறது. குடிலுக்குப் போக நாற்பது நிமிஷம்.

முத்திரை கிடைத்தவரும் கிடைக்காதவருமாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் ஒழுங்காக வெளியே வந்து, இருட்டுகிற வானத்தைப் பார்த்து, ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் பாஸ்டியைச் சூடாக்கி இருவரும் சாப்பிட்டார்கள். காட்டில் சாப்பிடுவதற்கென்று செய்த பாஸ்டி. மேஜையில் தட்டு வைத்துச் சாப்பிட்டபோது இறங்கவில்லை.

"பரவால்லம்மா" என்றாள் கைசா.

அந்த 'பரவால்ல' வெர்னாவை அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவள் அலுவலகம் போய் அறிக்கை தட்டச்சு செய்தாள். காப்பர் ஃபோர்க் மாவட்டம், முதல் நாள். வேட்டைப் பங்கேற்பு: நூற்றுக்கு நூற்று மூன்று. சுடப்பட்ட மான்கள்: இல்லை.

மாநிலத்துப் பத்திரிகைகள் முதல் நாள் கணக்கை மட்டும்தான் கேட்கும். அதனால் துறையும் முதல் நாளோடு கணக்கை மூடிவிடும். அந்த இரண்டு எண்களையும் தலைநகரத்தில் மூன்று வாரம் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஆணை வந்தது. அதையும் வெர்னாதான் நகலெடுத்து ஒட்டினாள்:

'மக்கள்தொகைக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் முழு ஈடுபாட்டுடன் பங்கேற்றும் ஒரு மான்கூடச் சிக்காமையால், மேற்படி மாவட்டத்தில் மான்கள் அற்றுப்போய்விட்டன என்பது ஐயந்திரிபற நிறுவப்படுகிறது. எனவே மான் இனத்தைக் காக்கும் பொருட்டு அங்கு ஐந்தாண்டுகளுக்கு வேட்டை நிறுத்திவைக்கப்படுகிறது. எனினும் பாரம்பரியம் விட்டுப்போகாதிருக்க, கைமாற்று முத்திரையை ஆண்டுதோறும் நவம்பர் பதினைந்தாம் தேதி நேரில் வந்து புதுப்பித்துக்கொள்ளவேண்டும். தவறுவோர் தொடர்பு விட்டவராகக் கருதப்படுவர்.'

காபிக் கடையில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது.

"மான் இல்லையாம்" என்றார் ஆர்வோ.

"நேத்து என் தோட்டத்துல முட்டைக்கோசைப் பூரா தின்னுட்டுப் போச்சே, அது என்னவாம்?" என்றார் பல் டாக்டர்.

"அது பதிவு இல்லாத மானாயிருக்கும்."

"மனு குடுத்துப் பாத்தா என்ன?"

"குடுக்கலாம். எதுக்கும் முத்திரைய விட்டுடாதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சுத் திறக்கறப்போ விட்டுப்போனவங்களை எல்லாம் கடைசில தள்ளிடுவாங்களாம்."

மனு யோசனை அத்தோடு நின்றது. முத்திரை யோசனை ஊரெல்லாம் பரவியது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் வெர்னா ஓய்வுபெற்றாள். பென்ஷன் ஒழுங்காக வந்தது. நவம்பர் மாதம் கைசாவிடமிருந்து போன்.

"பதினஞ்சாம் தேதி மறுபடியும் லீவு போட்டிருக்கேம்மா. இந்தத் தடவை நீயும் டூட்டில இல்ல. முத்திரை போயிடக்கூடாதுல்ல? எனக்கும் சேத்து டோக்கன் வாங்கி வெச்சிடு."

வெர்னா விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விட்டாள். பனியில் மணிக்கணக்காக அசையாமல் உட்காரும் வித்தை அவளுக்குக் கைவந்தது. மடக்கு நாற்காலி, கம்பளிக் காலுறை, காபி பிளாஸ்க், பாஸ்டி என்று குடிலுக்குக் கொண்டுபோகும் அத்தனையும் இதற்கும் பொருந்தியது. இருநூற்றுப் பன்னிரண்டும் பதின்மூன்றும் கிடைத்தன. ஒன்பது மணிக்குக் கைசா வந்தாள். அரங்கத்துப் படிவரிசையில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து, வாயே திறக்காமல் பாஸ்டி தின்றார்கள். சுற்றிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆரஞ்சுக் கோட்டுகள். இந்த வருஷம் யாரும் வற்புறுத்திக் கூட்டிவரவில்லை. குழந்தைகளெல்லாம் தாங்களாகவே அடம்பிடித்து வந்திருந்தன. ஒரு மூலையில் ஒரு பெண்குழந்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடுத்து! படிவம் ஏழு எங்கே? நாளைக்கு வா!" என்று அதட்ட, மற்றதெல்லாம் காகிதத் துண்டோடு வரிசையில் நின்று விளையாடின. ஓட்டோவும் நடக்கப் பழகியிருந்தான். அவன் வரிசையின் கடைசியில் தானாகப் போய் நின்றதைப் பார்த்துக் கெல்லர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாரம்பரியம் கைமாறிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பதினொரு மணி வாக்கில் ஜன்னலோரம் நின்ற ஒரு குழந்தை, "மான்!" என்று கத்தியது.

நிஜமாகவே மான்தான். பன்னிரண்டு கிளைக் கொம்பு. இந்த மாவட்டத்தில் அப்படி ஒன்றைப் பார்த்து இருபது வருஷம் இருக்கும். பள்ளிக்கூடத்து வேலிச் செடியை மென்றுகொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறடி தூரத்தில் நின்றது. வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பினார்கள். கைசா அரையடி எழுந்துவிட்டாள்.

"அம்மா, வா! வாசல்ல போய் நின்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்!"

வெர்னா அவள் கோட்டுக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி! இருநூத்தி எட்டு ஓடிக்கிட்டிருக்கு. இப்ப போய் எழுந்திருக்கறியே!"

கைசா உட்கார்ந்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் தத்தம் குழந்தைகளை உட்காரவைத்தார்கள். வரிசையில் கவனம் சிதறுகிறது என்று யாரோ எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள். மான் எப்போது போயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முத்திரை இருவருக்கும் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிடைத்துவிட்டது. இவ்வளவு நல்ல பதினைந்தாம் தேதி தனக்கு வாய்த்து ஏழு வருஷம் ஆகிறது என்று வெர்னா அன்று சாயங்காலம் மகளிடம் மனதாரச் சொன்னாள்.